மூன்று காலுக்கு வீட்டைப் பழக்குவது

‘மூணு கால்ல எப்படி டாக்டர் நடக்கும்?’ காலை எடுத்தாக வேண்டும் என்று சொன்னதும் கால்நடை மருத்துவரிடம் நாய் வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இதற்கு விடை சொல்வது சுலபம். நடக்கும். பெரும்பாலான நாய்கள் அறுவை முடிந்த மறுநாளே எழுந்து நின்றுவிடுகின்றன. சில அன்று மாலையே நாலடி வைத்துப் பார்க்கின்றன. அதைவிட முக்கியமான கேள்வியை அனேகமாக யாரும் கேட்பதில்லை: அது திரும்பி வரப்போகும் வீட்டின் தரை எப்படிப்பட்டது?

மூன்று காலில் நடக்க நாய்க்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. வலியும், வழுக்கும் தரையும், கூடிப்போன எடையும், நம் பரிதாபமும் அதற்குக் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அமெரிக்காவில் கால் எடுக்கப்பட்ட 64 நாய்களின் வீட்டாரைக் கேட்டு 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. நாயின் குணத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றவர்கள் 58 பேர். பழைய வாழ்க்கை முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ திரும்பிவிட்டது என்றவர்கள் 56 பேர். நினைத்ததைவிட நன்றாகத் தேறியது என்றவர்கள் 50 பேர். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிய வந்தது: அறுவையின்போது கனமாகவும் கொழுப்பேறியும் இருந்த நாய்கள் பிற்பாடு அவ்வளவு நன்றாக இல்லை. இந்தக் கடைசிச் செய்திதான் நம்மூர் வீடுகளுக்கு மிகவும் தேவையானது.

காலை எடுக்க நேர்வதற்கான காரணம் ஊருக்கு ஊர் மாறுகிறது. வெளிநாட்டு ஆய்வுகளில் எலும்புப் புற்று பெரிய இடத்தைப் பிடித்திருக்கும். நம் தெருக்களில் முதல் காரணம் வண்டி. எலும்பு நொறுங்கிப்போவது ஒரு வகை. எலும்பில் கீறல்கூட விழாமல், தோளிலிருந்து முன்னங்காலுக்கு இறங்கும் நரம்புக் கொத்து வேரோடு பிய்ந்துபோவது இன்னொரு வகை. அப்படிப்பட்ட நாய் முன் பாதத்தின் மேற்புறத்தைத் தரையில் தேய்த்தபடி இழுத்துக்கொண்டு நடக்கும். தேய்ந்த இடம் புண்ணாகும், புண்ணில் ஈ மொய்க்கும். உணர்ச்சியற்ற விரல்களை நாயே கடித்துத் தின்னத் தொடங்குவதும் உண்டு. கருணையோடு போட்ட கட்டும் சில கால்களைக் கொண்டுபோயிருக்கிறது. எலும்பு முறிவுக்கு வீட்டிலேயே இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டம் நின்று, கட்டை அவிழ்க்கும்போது கால் கறுத்துக் குளிர்ந்துபோயிருக்கும்.

காரணத்தைப் பொறுத்து வீட்டில் நடப்பதும் மாறும். பல வாரம் செத்த காலைச் சுமந்துகொண்டிருந்த நாய்க்கு மூன்று காலில் நடப்பது ஏற்கெனவே பழகிய விஷயம். அறுவையால் அதற்கு ஒரு பாரம் குறைகிறது, அவ்வளவுதான். நேற்று மாலைவரை நான்கு காலில் ஓடி, இரவு வண்டியில் அடிபட்ட நாய்க்கு எல்லாமே புதிது. அது கூடுதலாகத் தடுமாறும், கூடுதலாகப் பயப்படும். பக்கத்து வீட்டு நாய் மூன்றே நாளில் ஓடியதாகச் சொல்லக் கேட்டு இதை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் கவலை.

‘முழுசா எடுக்கணுமா, கொஞ்சம் விட்டு வைக்கலாமே’ என்று கேட்காத வீடு இல்லை. முன்னங்காலைப் பெரும்பாலும் தோள்பட்டை எலும்போடு சேர்த்தே எடுக்கிறார்கள். நாயின் தோள்பட்டை உடலோடு எலும்பு மூட்டால் இணைக்கப்படவில்லை; தசைகள்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. தசைகளைப் பிரித்தால் கால் முழுமையாக வந்துவிடும், எலும்பை அறுக்கும் வேலையே இல்லை. பின்னங்காலைத் தொடையின் மேற்பகுதியிலோ இடுப்பு மூட்டிலோ எடுப்பது வழக்கம். முழங்காலுக்குக் கீழே துண்டாக விட்டுவைத்தால், நாய் அதை ஊன்றப் பார்க்கும், தரையில் இடிக்கும், தோல் கிழிந்து ஆறாப் புண்ணாகும். செயற்கைக் கால் பொருத்தும் எண்ணம் இருந்தால் கதை வேறு. ஜெய்ப்பூரில் கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்தூர் ‘கிருஷ்ணா லிம்ப்’ என்ற பெயரில் விலங்குகளுக்குச் செயற்கைக் கால் செய்து தருகிறார். அதற்குப் பிடிமானமாகக் காலில் ஒரு பகுதி மிஞ்சியிருக்க வேண்டும். ஆகவே அறுவைக்கு முன்பே அந்தப் பேச்சை எடுத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு கால் போன நாய்களில் பெரும்பாலானவற்றுக்குச் செயற்கைக் காலும் தேவையில்லை, சக்கர வண்டியும் தேவையில்லை.

முன்னங்கால் போவதும் பின்னங்கால் போவதும் ஒன்றல்ல. நான்கு காலில் நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களிலும் 40 சதவீதம் பின்னங்கால்களிலும் விழுகிறது. தலையும் கழுத்தும் மார்பும் முன்பக்கம் இருப்பதே காரணம். முன்னங்கால் ஒன்று போனால், மிஞ்சிய ஒற்றை முன்னங்கால் மொத்த எடையில் பாதியை நெருங்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கால் மெல்ல மெல்ல உள்வாங்கி, மார்பின் நடுக்கோட்டுக்கு வந்து சேரும். ஒவ்வோர் அடிக்கும் தலை மேலெழும்பி இறங்கும். பின்னங்கால் போன நாய் ஓடும்போது பார்த்தால், மூன்று கால் என்பது சட்டென்று கண்ணில் படாது. ஆனால் எழுந்து நிற்கவும் படி ஏறவும் உந்து விசை குறைவாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு இரவுகள்தான் வீட்டாரை உலுக்கிவிடுகின்றன. நாய் மூச்சிரைக்கும், முனகும், ஓரிடத்தில் படுக்காமல் சுற்றும், சுவரை வெறித்துப் பார்க்கும். ‘தப்புப் பண்ணிட்டோமோ’ என்று அழாதவர் குறைவு. இதில் ஒரு பங்கு மயக்க மருந்தும் வலுவான வலிநிவாரணிகளும் உடலைவிட்டு இறங்கும்போது உண்டாகும் குழப்பம். ஓரிரு நாளில் தணிந்துவிடும். உண்மையான வலிக்கு அடையாளங்கள் உண்டு: கைவைக்கப் போனால் உடம்பு விறைப்பது, நடுக்கம், பிடித்த தீனியையும் திரும்பிப் பார்க்காதது, படுத்தால் எழவே மறுப்பது. எது எது என்று வீட்டில் தீர்மானிக்க முடியாவிட்டால் மருத்துவரை அழைத்துக் கேட்பதில் தவறே இல்லை, இரவானாலும்.

இந்த இடத்தில்தான் வீட்டு மருந்துப் பெட்டி ஆபத்தாகிறது. நமக்கு மூட்டு வலிக்கும் பல்வலிக்கும் வாங்கி வைத்திருக்கும் டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென், இரண்டு மருந்து கலந்த காம்பிஃப்ளாம் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அரை மாத்திரைதானே, கால் மாத்திரைதானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. நாய்க்கு எழுதித் தரும் மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் ஆகியவையும் அதே குடும்பத்து மருந்துகள்தான். அதனால் அவற்றைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். தோல் அரிப்புக்கென்று முன்பே ஸ்டீராய்டு மாத்திரை போய்க்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வாந்தி, கறுத்த மலம் இரண்டில் ஒன்றைக் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே பேச வேண்டும். நரம்பு வலிக்குத் தரும் கேபபென்டினைச் சிரப்பாக வாங்க நேர்ந்தால், அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இல்லை என்று பார்த்து வாங்க வேண்டும். சைலிட்டால் நாய்க்கு விஷம்.

மருந்தைப் பாதியில் நிறுத்துவது இன்னொரு பக்கத் தவறு. மூன்றாம் நாள் நாய் வாலாட்டியதும், ‘நல்லாத்தானே இருக்கு, எதுக்குச் சும்மா மாத்திரை’ என்று நிறுத்திவிடுகிறோம். அது நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். கால் இல்லாத இடத்தில் வலி தோன்றுவது மனிதர்களிடம் நன்கு அறியப்பட்ட ஒன்று. நாய்களிலும் அப்படித் தோன்றும் நடத்தை காணப்படுகிறது: அமைதியாகப் படுத்திருந்த நாய் திடீரென்று வீறிட்டு எழுந்து, கால் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கும். அறுவைக்கு முன்னும் பின்னும் வலியை முறையாக அடக்கி வைப்பதுதான் இதற்கான முதல் தடுப்பு. சில வாரம் கழித்து இப்படி நடந்தால் பயந்து கத்துகிறது என்று விட்டுவிடாமல், ஃபோனில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

காயத்தைப் பற்றி வீட்டார் படும் கவலையில் பாதி தேவையற்றது, மீதிப் பாதி போதாதது. தையலைச் சுற்றி நீலமும் ஊதாவுமாகக் கன்றிப்போவது முதல் சில நாள் கூடிக்கொண்டே போகும். பிறகு ஈர்ப்பு விசையில் அந்த நிறமும் வீக்கமும் வயிறு, மார்பு, மிஞ்சிய கால் என்று கீழே இறங்கும். பார்க்கத்தான் பயங்கரம். தையலுக்குக் கீழே மெத்தென்று நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதை ஊசியால் குத்தி எடுக்கக் கூடாது. பெரும்பாலும் உடலே உறிஞ்சிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம், அதற்குப் பிறகு இளஞ்சூடு. காயம் சூடாகச் சிவந்து நாற்றமடித்தாலோ, தையல் வாய் திறந்தாலோ, ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். அது ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, நிற்க வேண்டிய ரத்தத்தை நிற்கவிடாமல் செய்யும்.

போதாத கவலை ஈயைப் பற்றியது. குளிர்நாட்டு வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இங்கே கசியும் காயத்தில் ஈ முட்டையிட்டால் அடுத்த நாளே புழு நெளியும். திண்ணையிலோ மொட்டை மாடியிலோ கட்டிப்போடும் நாய்களுக்கு இதுவே தையலைவிடப் பெரிய பிரச்சினை. தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள், நாய் வீட்டுக்குள் இருக்கட்டும். இடமில்லையென்றால் கொசுவலைக்குள் படுக்க வைக்கலாம். குழந்தைகளுக்கான குடை வலை சின்ன நாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தும். மஞ்சள் தூளை அப்ப வேண்டாம். தைத்து மூடிய காயத்தில் அதற்கு வேலையில்லை, தூசியும் சேரும், சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்புக் காலர் போட வேண்டும். முன்னங்கால் போன நாய்க்கு அந்தக் காலரே தலையைக் கீழே இழுத்துத் தடுமாற வைக்கும். பக்கத்தில் ஆள் இருக்கும் நேரங்களில் அதைக் கழற்றிவிட்டு, பழைய பருத்தி டி-ஷர்ட்டைப் போட்டுவிடலாம். காலற்ற பக்கத்துக் கையை முடிச்சுப் போட்டுவிட்டால் காயம் மூடியிருக்கும்.

தரைக்கு வருகிறேன். கடந்த சில பத்தாண்டுகளில் நம் வீடுகளில் சிமென்ட் தரையும் செங்கல் தளமும் போய், பளபளக்கும் டைல்ஸும் கிரானைட்டும் வந்துவிட்டன. நான்கு கால் நாயே அதில் வளைந்து ஓடினால் சறுக்கும். மூன்று கால் நாய்க்கு அது பனிக்கட்டி. ஒரு கால் விலகினால் தாங்கிப் பிடிக்க எதிர்க்கால் இல்லை, தையல்மேலேயே விழும். அப்படி இரண்டு முறை விழுந்த நாய் மூன்றாம் முறை எழுந்திருக்க மறுக்கும். அதைப் பார்த்து வீட்டார், ‘மனசு உடைஞ்சு போச்சு, சாப்பிடக்கூட வரமாட்டேங்குது’ என்பார்கள். எனக்குத் தெரிந்த வீடொன்றில், பின்னங்கால் இல்லாத நாட்டு நாய் இப்படித்தான் கூடத்து மூலையில் கிடந்தது. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை இரண்டு யோகா மேட்டுகளை நீளவாக்கில் விரித்தார்கள். முதலில் முன்பாதம் ஒன்றை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தது. பிறகு நகத்தால் பிறாண்டிப் பார்த்தது. பிறகு எழுந்து, மேட்டு முடியும் இடம்வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அதே மேட்டின்மேல் திரும்பி வந்தது. டைல்ஸில் பாதம் வைக்கவே இல்லை. அதன் மனதுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

ஆகவே, செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் உண்டென்றால் அது தரை. படுக்கை, சாப்பாட்டு இடம், வாசல், சிறுநீர் கழிக்கும் இடம் ஆகியவற்றை இணைக்கும் பாதையில் நகராத விரிப்பு வேண்டும். அடியில் ரப்பர் பிடிப்புள்ள மேட்டு நல்லது. குழந்தைகள் விளையாடப் போடும் கோத்துக்கொள்ளும் ஃபோம் சதுரங்களும் உதவும். கோணிச் சாக்கையும் தென்னைநார் மிதியடியையும் அப்படியே போட்டால் அவையே வழுக்கி ஓடும். ஓரங்களை டேப் ஒட்டி நிறுத்த வேண்டும். வீடு கழுவிய ஈரம் காயும்வரை நாயை நடக்கவிடக் கூடாது. நகத்தையும் விரலிடுக்கு முடியையும் வெட்டிவிட வேண்டும். நீண்ட நகம் இருந்தால் பாதத்தின் மெத்தைப் பகுதி தரையில் பதியாது. மாடிப்படியைச் சில வாரத்துக்கு அடைத்து வைப்பதும், சோபாவுக்கும் கட்டிலுக்கும் தாவவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதோடு சேர்ந்தவை.

எழுப்பி நடத்த, துண்டு ஒன்று போதும். பின்னங்கால் போன நாய்க்கு அடிவயிற்றுக்குக் கீழே குளிக்கும் துண்டை நுழைத்து, இரு முனையையும் முதுகுக்கு மேல் பிடித்துக்கொள்ளலாம். ஆண் நாய்க்கு உறுப்பு அழுந்தாத இடமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். தூக்கக் கூடாது; விழப்போனால் பிடிக்கத்தான் அது. முன்னங்கால் போனதற்கு மார்புப் பட்டை, மேலே கைப்பிடி உள்ளதாக. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கவே கூடாது. முதல் நாலைந்து நாள் மலம் போகாதது வழக்கம்தான். வயிறு காலி, மருந்து வேறு மலச்சிக்கல் உண்டாக்கும். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சின்ன முக்காலிமேல் வைத்தால் முன்னங்கால் போன நாய் குனிந்து கவிழாது.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து நிமிட நடை, வாரில் பிடித்தபடி, ஒரு நாளைக்குப் பல முறை. தையல் பிரித்த பிறகு மெல்லக் கூட்டலாம். மூன்று கால் நாய்க்கு ஓடுவது எளிது, நிற்பது கடினம். மெதுவாக நடப்பதும் கடினம்தான், ஏனென்றால் ஒவ்வோர் அடியிலும் இரண்டு காலில் நிற்க வேண்டிவருகிறது. அதனால்தான் அது அவசர அவசரமாகத் துள்ளிப் போய்விட்டு, சட்டென்று உட்கார்ந்துகொள்கிறது. சோம்பல் என்று நினைத்து இழுக்கக் கூடாது, உட்காரவிட வேண்டும். காயம் முழுதாக ஆறிய பின், நிற்கும் நாயின் மூக்குக்கு முன் பிஸ்கட்டைக் காட்டி இடமும் வலமும் மெல்லத் திருப்பினால் உடலின் நடுத்தசைகள் வலுப்படும். வெயில் காலத்தில் நடை விடிகாலையிலோ இருட்டிய பிறகோதான். பாதம் வெந்தால் மாற்றிக்கொள்ள வேறு கால் இல்லை.

எடையைப் பற்றி நாம் கறாராகப் பேசியாக வேண்டும். அடிபட்டுப் பிழைத்து வந்த நாய் என்று வீட்டில் எல்லோரும் ஊட்டுவார்கள். பாட்டி தயிர் சாதம், பிள்ளைகள் பிஸ்கட், வேலைக்கு வரும் அக்கா மீன் தலை. ஓட்டம் குறைந்த உடம்பில் இவை கொழுப்பாகச் சேரும், அந்தக் கொழுப்பை மூன்று கால்களின் மூட்டுகள் சுமக்கும். ஆறு மாதத்தில் மிஞ்சிய கால் நொண்டத் தொடங்கும். தையல் காயம் இரண்டு வாரக் கதை. எடை அதன் ஆயுள் முழுக்கத் தொடரும். விலாவில் கைவைத்தால் எலும்புகள் அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும். சாதத்தைக் குறைத்து, வேகவைத்த முட்டையும் கோழியும் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல். மாதம் ஒரு முறை எடை பார்ப்பது கட்டாயம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று நம் எடையைக் கழித்தால் கணக்குக் கிடைத்துவிடும்.

பரிதாபம் கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போனால் அந்த நாய் எப்போது கால் ஊன்றும்? அதே சமயம் அதனால் உண்மையிலேயே செய்ய முடியாதவை சில உண்டு, அவற்றை நாம் செய்து தர வேண்டும். பின்னங்கால் போன பக்கத்துக் காதை அதனால் சொறிந்துகொள்ள முடியாது. அரிப்பு எடுத்ததும் தலையைச் சாய்க்கும். கால் இருந்த இடத்தில் இடுப்புத் தசை மட்டும் துடிதுடிக்கும். காற்றில் சொறிந்துவிட்டு நம்மைப் பார்க்கும். அந்தக் காதைத் தினமும் சொறிந்துவிடுவதும், மடலுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதும் வீட்டாரின் கடமை. வீட்டில் வேறு நாய் இருந்தால் முதல் வாரம் தனித்தனியே சாப்பாடு போட வேண்டும். மருத்துவமனை வாசனையோடு தள்ளாடி வரும் கூட்டாளியைப் பார்த்து உறுமும் நாய்கள் உண்டு.

புற்றுக்காகக் காலை எடுத்தவர்களின் நிலை வேறு. ராட்வைலர், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களை அதிகம் தாக்கும் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று, கண்டுபிடிக்கப்படும்போதே பெரும்பாலும் நுரையீரலுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும். காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நாலைந்து மாதம் தாண்டுகின்றன; கீமோவும் சேர்ந்தால் அது ஓராண்டை நெருங்குகிறது. ‘அஞ்சு மாசத்துக்காக ஒரு காலை எடுக்கணுமா’ என்ற கேள்வி நியாயமானது. என் பதில் ஆம். புற்று அரித்த எலும்பு தரும் வலி எந்த மாத்திரைக்கும் முழுதாக அடங்காது. கால் போனதும் அந்த வலி போய்விடுகிறது. அந்த மாதங்களை நாய் வலியில்லாமல் வாழும். மற்ற கால்களில் மூட்டுத் தேய்வு முற்றிய அல்லது தண்டுவட நோயுள்ள நாய்களுக்கு மட்டும் இந்த முடிவை எடுக்கும் முன் மிகவும் யோசிக்க வேண்டும்.

மிஞ்சியிருப்பது தெரு நாய். சென்னையில் 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும், 1959-இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸுக்கும், இப்படி அடிபட்ட நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் எப்போதும் உண்டு. அறுவையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. குறைந்தது தையல் பிரிக்கும்வரை அதற்கு ஒரு கூரை வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்தின் ஒரு மூலையும், கொசுவலையும், மாத்திரையைத் தவறாமல் ஊட்டும் ஒரு கையும் போதும். பிறகு என்ன என்பதில் நான் ஒரு பக்கம் நிற்கிறேன். பின்னங்கால் போன நாயை, அதைத் தெரிந்தவர்கள் வாழும் சிறு சந்தில், தினம் ஒரே இடத்தில் சோறு வைக்க ஆள் இருந்தால், கருத்தடை செய்து, இரவில் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒன்றைக் கழுத்தில் கட்டித் திரும்ப விடலாம். முன்னங்கால் போனதையும், பிரதான சாலையோரத்து நாயையும் அப்படி விடக் கூடாது. அவற்றுக்கு ஒரு வீடு தேட வேண்டும். கால் போன நாயை யார் எடுப்பார்கள் என்று நினைக்கிறோம். எடுக்கிறார்கள். நாய் மேட்டில் துள்ளி வரும் சின்ன வீடியோவோடு, அதன் வயது, போட்ட தடுப்பூசி, இப்போதைய எடை, என்னென்ன செய்ய முடியும், என்னென்ன முடியாது என்று எழுதி அனுப்ப வேண்டும். தையலும் ரத்தமுமான படத்தை அனுப்பினால் ‘ஐயோ பாவம்’ என்று பதில் வரும். துள்ளுவதைக் காட்டினால் ‘எப்போது வந்து பார்க்கலாம்’ என்று கேட்பார்கள்.